போஸ்டரில் இல்லாத அல்லேஜ்

சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. இரண்டு கையிலும் செதில். முழங்கையால் போனைத் தட்டி எடுத்து, தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். பேசியது ராஜாத்தி. எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருப்பவள். துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்த தனசேகரனின் மனைவி.

“யக்கா...” என்றாள். “ஊரு வர்லன்னா பரவால்லக்கா. நீ கூடவா வர்ல?”

“எங்கடி வரணும்? இன்னா ஆச்சு?”

“அவரு பூட்டாருக்கா. நேத்து சாயங்காலம். இன்னிக்கு மூணு மணிக்கு எடுக்கறாங்க. ஐஸ் பொட்டி பக்கத்துல நான் ஒண்டியா குந்திகினு கீறேன். உனுக்குத் தெரியவே தெரியாதா? தெரு முழுக்க போஸ்டர் ஒட்டிகீதே!”

கையிலிருந்த மீன் நழுவித் தண்ணீர்ச் சட்டியில் விழுந்தது. அந்தப் போஸ்டரைக் காலையில் பார்த்திருந்தேன். பார்த்துவிட்டுத்தான் மீன் வாங்கப் போனேன்.

இந்த வாரம் இந்தத் தொடரில் என் கல்யாணக் கதையை எழுதுவதாகப் பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன். அது கிடக்கட்டும். வயிறு எரிந்துகொண்டிருக்கும்போது கல்யாணக் கதை எழுத வராது.

பார்த்தும் தெரியவில்லை

ராயபுரத்தில் யாராவது இறந்துபோனால் பொழுது விடிவதற்குள் சுவரில் தெரிந்துவிடும். இரும்புக்கடைச் சுவர், மீன் வண்டி நிற்கிற மூலை, ஷேர் ஆட்டோ நிறுத்தம், எல்லா இடத்திலும் கண்ணீர் அஞ்சலி. நாங்கள் செய்தித்தாளுக்கு முன்னால் சுவரைத்தான் படிப்போம். அன்றைக்கும் படித்தேன்.

‘திரு. கு. தனசேகரன். ஓய்வு பெற்ற துறைமுக ஊழியர்.’ பக்கத்தில் ஒரு படம். கோட்டு, டை, நெற்றியில் சுருண்டு விழுகிற முடி. துறைமுகத்துக்கு வருவதற்கு முன்னால் எந்த ஸ்டூடியோவிலோ எடுத்தது. எனக்குத் தெரிந்த தனசேகரனுக்குத் தலையில் முடி என்ற பேச்சே கிடையாது. கோட்டு போட்டு நான் பார்த்ததும் கிடையாது.

எங்கள் பக்கம் தனசேகரன் என்ற பெயரில் தெருவுக்கு ஒருவர் இருப்பார். துறைமுக ஊழியர் வீட்டுக்கு ஒருவர் இருப்பார். யாரோ பாவம், நல்ல களையான முகம் என்று சிலுவை போட்டுக்கொண்டு நடந்தேன். திரும்பி வரும்போதும் அதே சுவர், அதே போஸ்டர். மீன் கெட்டுவிடப் போகிறது என்ற கவலையில் வேகமாக வந்துவிட்டேன்.

என்னைப் போலவே அன்றைக்கு ராயபுரமும் காசிமேடும் தண்டையார்பேட்டையும் அந்தச் சுவரைப் படித்துவிட்டு தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருக்கின்றன. ஏனென்றால் போஸ்டரில் இருக்கவேண்டிய ஒரே வார்த்தை அதில் இல்லை.

அந்த வார்த்தை அல்லேஜ்.

மூன்று எழுத்துக் குடும்பம்

தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். ஆபீஸ் சுவரில் ஒரு மரப்பலகை தொங்கும். வெள்ளைக்காரன் காலத்தில் எழுதியது. துறைமுகத்தில் எதற்கெல்லாம் கட்டணம் என்று மேலிருந்து கீழே வரிசையாக இங்கிலீஷ். வார்ஃபேஜ், டெமரேஜ், லைட்டரேஜ், கீலேஜ், பிரைமேஜ். எந்த வார்த்தையை எடுத்தாலும் கடைசியில் அதே மூன்று எழுத்து: ஏ, ஜி, ஈ.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அவற்றில் பாதிக்கு அர்த்தம் தெரியாது. போகப்போக ஒவ்வொன்றும் வீட்டு ஆள் போல ஆகிவிட்டது. லைட்டரேஜ் என்றால், கரைக்கு வரமுடியாமல் கடலில் நிற்கும் கப்பலிலிருந்து படகில் சரக்கைக் கொண்டுவரக் கொடுப்பது. பிரைமேஜ் என்றால், என் சரக்கைப் பத்திரமாகப் பார்த்துக்கோ ராசா என்று கேப்டனுக்குக் கொடுப்பது. லஞ்சத்துக்கு எவ்வளவு மரியாதையான பேர் பாருங்கள். பலகையில் இல்லாத சொந்தக்காரர்களும் உண்டு. டன்னேஜ் என்றால் சரக்கு நனையாமல், உருளாமல் இருக்க அடியில் போடுகிற கட்டையும் பாயும். எடையைச் சொல்லும் டன்னேஜ் வேறு, இது வேறு. ஸ்டோவேஜ் என்றால் கப்பல் வயிற்றில் எந்தச் சரக்கை எங்கே அடுக்குவது என்கிற விவரம். அதை டைப் அடித்தவள் நான்.

அல்லேஜ் என்பது ஒரு காலி இடம். எண்ணெய்ப் பீப்பாயையும் தொட்டியையும் வாய்வரை நிரப்பக்கூடாது. நம் ஊர் வெயிலில் எண்ணெய் விரியும். விரிவதற்கு மேலே கொஞ்சம் இடம் விடவேண்டும். அந்த இடத்துக்குத்தான் அல்லேஜ் என்று பேர்.

தனசேகரன் டீக்கடையில் கிளாஸை நீட்டினால், “மேல ஒரு வெரலு வுடு நைனா” என்பார். தட்டு நிறையச் சோறு போட்டுக்கொள்ள மாட்டார். பெஞ்சில் உட்கார்ந்தால் ஓரமாக உட்கார்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விடுவார். ஒருநாள் கிளாஸின் மேலே இருந்த காலி இடத்தைக் காட்டி, எங்களோடு வேலை பார்த்த காதர் பாய் கத்தினார். “டேய், இவன் டீக்கும் அல்லேஜ் வுடறான்டா!” அன்றோடு தனசேகரன் முடிந்தார். அல்லேஜ் வந்தார்.

பெயர் வைத்த காதர் பாய்க்கும் ஒரு பெயர் இருந்தது. கட்டையோ கல்லோ, சாய்ந்த இடத்தில் தூங்குவார். அதனால் டன்னேஜ். வண்ணாரப்பேட்டையில் ஜமாத்து ஆட்களே அவரை டன்னேஜ் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் ஸ்டோவேஜ். டைப் அடித்ததற்காக மட்டும் இல்லை. ஆறு பேர் சாப்பாட்டை ஒரே பையில் சிந்தாமல் அடுக்கிக் கொண்டுபோவேன். பொம்பளைகளில் எனக்கு மட்டும்தான் பெயர் கிடைத்தது. அந்தக் கர்வம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

விளையாட்டுக்கு வைத்த பேர் இல்லை

சினிமாவில் எங்கள் ஊர் ஆளைக் காட்டினால் கட்டாயம் ஒரு பட்டப்பெயர் இருக்கும். கூடவே கைலியும் கத்தியும் இருக்கும். தியேட்டரே சிரிக்கும். அந்தப் பேர் எதற்கு வந்தது என்று எவனாவது ஒருத்தன் கேட்டிருக்கிறானா?

எங்கள் கம்பெனி ஆட்களில் மட்டும் நாலு தனசேகரன். முனுசாமிகளைச் சொல்லவே வேண்டாம். தலைக்கு மேலே ஸ்லிங்கில், அதாவது கிரேன் தூக்குகிற கயிற்றுச் சுருக்கில், இரும்புத் தகடு ஆடிக்கொண்டு போகும். அப்போது “தனசேகரு!” என்று கத்தினால் நாலு தலையும் திரும்பும். ஓடவேண்டியவன் எவன் என்று நாலு பேருக்கும் தெரியாது. அதனால்தான் ஆளுக்கு ஒரு பேர். வேறு எவனுக்கும் இல்லாத பேர். காதில் விழுந்ததும் கால் நகரவேண்டிய பேர்.

ஒருநாள் கையெழுத்து வாங்கக் காகிதத்தோடு நான் ஷெட் வாசலில் நின்றேன். வெயில் கண்ணைக் குத்தியது. மேலே ஸ்லிங்கின் ஒரு பக்கம் சரிந்தது. புதிதாக வந்த மேஸ்திரி ஒருவர், “தனசேகர், தனசேகர்!” என்று அலறினார். அந்தப் பக்கம் கயிறு சுற்றிக்கொண்டிருந்த வேறொரு தனசேகர் நிமிர்ந்து பார்த்தார். நம் ஆள் குனிந்தபடியே இருந்தார்.

“அல்லேஜ்! பின்னால வா!”

காதர் பாயின் குரல். அல்லேஜ் என்ன ஏது என்று பார்க்கவில்லை. அப்படியே பின்னால் தாவி விழுந்தார். தகடு மொத்தமும் அவர் நின்ற இடத்தில் விழுந்தது. சிமெண்ட் தரை பிளந்துவிட்டது. இரும்புத்தூளும் புழுதியும் என் வாயில் கரகரத்தன. அன்றைக்கு என் கையிலிருந்த காகிதம் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

அல்லேஜுக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மகன் தினேஷ் பிறந்தது அதற்குப் பிறகுதான். போஸ்டரிலிருந்து அந்தப் பேரை எடுத்தது அந்தத் தினேஷ்தான்.

அரிய சொல்லாம்!

இங்கே இன்னொரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் என் மகள் ஜெனிஃபர் போனில் வார்த்தை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள். எழுத்துகளைக் கோத்து இங்கிலீஷ் வார்த்தை கண்டுபிடிக்க வேண்டுமாம். கடைசி மூன்று எழுத்து ஏ, ஜி, ஈ வந்து நின்றது. நான் எட்டிப் பார்த்து, “அல்லேஜ் போடுடி” என்றேன்.

போட்டாள். திரையில் வாணவேடிக்கை. அரிய சொல் கண்டுபிடித்ததற்குப் பாராட்டு என்று எழுதி வந்தது.

“அம்மா, இது ரேர் வேர்டாம்மா! உனுக்கு எப்படித் தெரியும்?”

என்ன அரிய சொல்? அது காசிமேட்டு டீக்கடையில் உட்கார்ந்து மசால்வடை தின்றுகொண்டிருந்தது! போனில் வந்தால் பட்டாசு வெடிக்கிறார்கள். எங்கள் வாயில் வந்தால் மூக்கைப் பொத்துகிறார்கள். அன்றைக்கு நான் சிரித்தேன். அல்லேஜுக்கே போன் செய்து சொன்னேன். “இன்னா ஸ்டோவேஜு, என்னை செல்லுல வேற போட்டானுங்களா?” என்று அவரும் சிரித்தார். அதுதான் நான் அவரோடு கடைசியாகப் பேசியது.

காலி நாற்காலிகள்

மீனை அப்படியே மூடி வைத்துவிட்டு ஓடினேன். தெருவில் ஷாமியானா இருந்தது. அதன் கீழே வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசை கலையாமல் இருந்தன. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஐஸ் பெட்டி கொண்டுவந்த ஆள். பறை இல்லை. சங்கு இல்லை. ரோஜா மாலை வாசனையும் ஐஸ் பெட்டி மோட்டார் சத்தமும்தான் இருந்தன.

எங்கள் ஊரில் எதிரி வீட்டுச் சாவுக்கும் ஆள் வரும். பேசாத அண்ணன் தம்பிகள் பாடையின் இரண்டு பக்கமும் நிற்பார்கள். அல்லேஜ் எத்தனை வீட்டுச் சாவில் மூங்கில் கட்டியிருப்பார்! அவர் சாவுக்கு ஆள் இல்லை.

ராஜாத்தி என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. பெட்டியின் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். “இத்தினி வருசம் இந்த ஊர்ல இன்னா வாய்ந்தோம்க்கா?” என்றாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது.

தினேஷ் வாசலில் வெள்ளைச் சட்டையோடு போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அங்கேயே அடுக்குமாடி வீடு. கெட்ட பிள்ளை இல்லை. அப்பாவுக்கு மாதாமாதம் மருந்து வாங்கி அனுப்பியவன்.

“போஸ்டர்ல ஏன்டா அல்லேஜ்னு போடல?” என்றேன்.

“ஆன்ட்டி, அது பட்டப்பேரு.”

“அதுதான்டா அவரு பேரு!”

“மெதுவா பேசுங்க ஆன்ட்டி, ப்ளீஸ். ஆபீஸ்லேருந்து மேனேஜர் வர்றாரு. அல்லேஜ் தனசேகர்னு போட்டா என்ன நினைப்பாங்க? பேப்பர்ல இன்னார் என்கிற இன்னார்னு யாரைப் போடுறாங்க? ரவுடியத்தான போடுறாங்க? ராயபுரம்னு சொன்னதுக்கே இன்டர்வியூல சிரிச்சாங்க எனக்கு. எங்க டாடியாவது கடைசியில டீசன்ட்டா போகட்டுமே.”

டாடியாம்! நேற்று வரைக்கும் நைனா.

அவனைப் பார்த்துச் சிரித்த அந்த இன்டர்வியூக்காரன் என் கையில் கிடைத்தால் மீனோடு சேர்த்து அவனுக்கும் செதில் எடுத்திருப்பேன். அவன் சிரித்தது தப்பு. ஆனால் அவன் சிரித்தான் என்பதற்காக அப்பனின் பேரை இவன் தூக்கிப் போட்டது எந்த ஊர் நியாயம்? எட்டுத் திசைக்கும் தெரிந்த மனுஷனை, எவனுக்கும் தெரியாத ஒரு கோட்டுப் போட்ட ஆளாக மாற்றி, ஆள் இல்லாத தெருவிலிருந்து வண்டி ஏற்றுவதுதான் டீசன்ட்டா?

இதையெல்லாம் அவனிடம் கேட்டேன். சாவு வீடு என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். அவன் அழுதான். அழட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்று மணிக்கு அதிக நேரம் இல்லை.

டன்னேஜ் கிளம்பினார்

காதர் பாய்க்குப் போன் போட்டேன். “பாய், அல்லேஜ் பூட்டாரு” என்றேன்.

“எந்த நாதாரி சொன்னான்?” என்றார். அவரும் அந்தப் போஸ்டருக்குக் கீழே நின்று டீ குடித்திருக்கிறார்.

பழைய இரும்பு, பிளாஸ்டிக், ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று ஸ்பீக்கர் குழாய் கட்டிக்கொண்டு ஓர் ஆட்டோ எங்கள் பக்கம் சுற்றும். காதர் பாய் நடுரோட்டில் நின்று அதை மறித்தாராம். ஓட்டுகிற பையனிடம் மைக்கை வாங்கிக்கொண்டு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாராம். கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல் எங்களுக்கே கேட்டது. இருமலுக்கு நடுவே வந்த கிழட்டுக் குரல்தான். ஆனால் கிரேன் சத்தத்தையே தாண்டிய குரல்.

“நம்ம அல்லேஜ் பூட்டாருப்பா! செவுத்துல கோட்டு போட்டுகினு கீறது நம்ம அல்லேஜுதான்ப்பா! மூணு மணிக்கு எடுக்கறாங்கோ! தெரிஞ்சவங்க, தெரியாதவங்க, அல்லாரும் வந்து சேருங்கப்பா!”

முதலில் வந்தது பக்கத்துத் தெரு இட்லிக்காரம்மா. அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடிவந்தாள். பின்னாலேயே மீன் சந்தையிலிருந்து ஒரு கூட்டம், ஐஸ் தண்ணீர் சொட்டும் கூடைகளோடு. வாக்கர் பிடித்த கிழவர்கள், மகன் பைக்கில் உட்கார்ந்து வந்த கிழவர்கள், டயாலிசிஸ் முடிந்து கையில் பஞ்சோடு வந்த ஒருவர். நாற்காலி போதவில்லை. ஷாமியானா போதவில்லை. பறைக்காரர்கள் யாரும் கூப்பிடாமலே வந்து, குப்பையைக் கொளுத்திப் பறையைக் காய்ச்ச ஆரம்பித்தார்கள்.

வந்தவர்கள் எல்லோரும் தினேஷின் கையைப் பிடித்தார்கள். “அல்லேஜ் புள்ளையா நீ?” என்றார்கள். “எங்கப்பன் சாவுக்கு ராவெல்லாம் முழிச்சிகினு கெடந்தாருப்பா” என்றார்கள். வேலை என்ன, சம்பளம் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

மேனேஜர் வந்தார். தெருமுனையிலேயே காரை நிறுத்திவிட்டுக் கூட்டத்தில் மிதந்து வந்தார். நல்ல மனுஷன், செருப்பைக் கழற்றிவிட்டு மாலை போட்டார். பிறகு தினேஷிடம் மெதுவாகக் கேட்டார்.

“யாரு தினேஷ், இந்த அல்லேஜ்? எல்லாரும் அவரப் பத்தியே பேசுறாங்க?”

நான் பக்கத்தில்தான் நின்றேன். தினேஷ் பெட்டியைப் பார்த்தான்.

“எங்க நைனா சார்” என்றான்.

பின்னால வா

பெட்டியிலிருந்து எடுத்துப் பாடையில் வைத்தார்கள். ராஜாத்தியை நானும் இட்லிக்காரம்மாவும் பிடித்துக்கொண்டோம். தோள் கொடுக்கிறவர்கள் குனிந்தார்கள். பறை ஒரு கணம் நின்றது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு காதர் பாய் முன்னால் வந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடிவந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. பாடையின் மூங்கிலை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். ஏதாவது சொல்லி அழுவார் என்று நினைத்தேன். அவர் கத்தினார். அன்றைக்கு ஷெட்டில் கத்திய அதே கத்து.

“அல்லேஜ்! பின்னால வா!”

வயசான ஆட்கள் அத்தனை பேருக்கும் அது என்ன என்று தெரியும். இரண்டு மூன்று பேர், அறியாமலே, ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள். அல்லேஜ் நகரவில்லை.

“வர மாட்றான் பாரு” என்று காதர் பாய் என்னிடம் சொன்னார். குழந்தை மாதிரி சொன்னார். அப்புறம் தினேஷ் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் புதுப் போஸ்டர் ஒட்டியிருந்தான். வழுக்கைத் தலைப் படம். ‘அல்லேஜ்’ என்று பெரிதாக, ‘தனசேகரன்’ என்று சின்னதாக. நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் என் கோபம் தீரவில்லை. அன்றைக்கு ராஜாத்தி எனக்குப் போன் செய்யாமல் இருந்திருந்தால்? மூன்று மணிக்கு அந்த மனுஷன் மூன்று பேரோடு போயிருப்பார். அவர் போனதே தெரியாமல் நான் மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டிருப்பேன். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

ஆகவே ஜெனிஃபர், வீட்டில் சொன்னால் நீ காதில் வாங்க மாட்டாய், அதனால் ஊர் அறிய அச்சில் சொல்கிறேன். என் போஸ்டரில் இப்போது இருக்கிற மூஞ்சியைப் போடு, நரைத்த முடியோடு. பிலோமினா என்பதைச் சின்னதாக எங்கேயாவது ஓரத்தில் போட்டுக்கொள். நடுவில், தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து படிக்கிற அளவுக்கு, ஸ்டோவேஜ் என்று போடு.

டீசன்ட்டாக இருக்காதே என்று எவனாவது உன்னிடம் சொன்னால், அவனை உள்ளே விடாதே. என் சாவுக்கு அவன் வரவேண்டாம்.